தேடினால் வராத மேனேஜர்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூல் மில். இத்தனை வருஷத்துக் கடிதம், புகார், உத்தரவு எல்லாம் ஒரு பழைய மென்பொருளுக்குள் அடைந்து கிடந்தன. எதையும் தேடிப் பிடிக்க முடியாது. அதையெல்லாம் வெளியே எடுத்து, ஒரு சொல்லைத் தட்டினால் திரையில் வந்து நிற்கும்படி செய்ய, ஒப்பந்த வேலைக்கு வந்தவள் ருக்குமணி.

ஜெனரல் மேனேஜர் தண்டபாணி அவளைக் கூப்பிட்டு விட்டார்.

"எல்லாம் தேடினா வரணும். நான் எழுதினது மட்டும் வரக்கூடாது. முதலாளிகிட்ட மூச்சு விட்டே, நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

"உங்க பேரு இருக்கிறது அத்தனையும் ஒதுக்கிடவா சார்?"

"ஒண்ணு விடாம."

அப்படியே செய்தாள்.

முதலாளி பார்க்க வந்த அன்று, புது மிஷின் வாங்கியதும் ஏற்றுமதி பிடித்ததும் தன் யோசனைதான் என்று தண்டபாணி அளந்துகொண்டிருந்தார். முதலாளி 'புது மிஷின்' என்று தட்டினார். புது மிஷின் வாங்கலாம் என்று ஃபிட்டர் மாரப்பன் ஸ்டோருக்கு எழுதிய கடிதம் வந்தது. 'ஏற்றுமதி' என்றார். வெளிநாட்டுக்கு நூல் அனுப்பிப் பார்க்கலாம் என்ற கிளார்க் சரோஜாவின் கடிதம் வந்தது. கடைசியில் 'தண்டபாணி' என்று தட்டினார். ஒன்றுமே வரவில்லை.

"ஏனுங்க, நீங்க இல்லாமயே மில்லு நல்லா ஓடியிருக்குது போல."

தண்டபாணி திரையை எட்டிப் பார்த்தார். "ஏதோ விட்டுப்போச்சுங்க. என்னோடதையும் சேர்த்துரும்மா."

ருக்குமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாத்தையுமா சார்?"

முதலாளி நாற்காலியைத் தண்டபாணி பக்கம் திருப்பினார்.

"ஏனுங்க, எது வேண்டாம்?"