மலையைத் தாண்டிப் போன புகை

மேலைமலைக் காட்டில் மூக்காயி என்ற கரடி ஒரு பெரிய புகையடுப்பு வைத்திருந்தாள். இலுப்பைப் பூவோ ஆற்று மீனோ, யார் எதைக் கொண்டுவந்தாலும் விறகை எரித்து வாட்டி, மழைக்காலத்துக்குக் கெடாமல் ஆக்கிக் கொடுப்பாள். கூலியாக ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொள்வாள். அவளுக்கும் அவள் குட்டிகளுக்கும் அதுதான் வயிற்றுப்பாடு.

ஆனால் வருஷத்துக்கு வருஷம் மரங்கள் விறகாகிக் குறைந்தன. வெயில் ஏறியது, சுனை வற்றியது. தேன்பாறையில் இருந்த தேனீக்கள் புகை தாங்காமல் எங்கோ போய்விட்டன. தேன் என்றால் உயிரை விடும் மூக்காயிக்கே நாக்கில் தேன் பட்டு வெகுகாலம் ஆயிற்று. எல்லாம் தன் அடுப்பால்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? அணைத்தால் குட்டிகள் பட்டினி.

ஒருநாள் காட்டின் தலைவி சின்னக்கண்ணு என்ற யானை எல்லாரையும் கூட்டினாள்.

"இனிமே இந்தக் காட்டுல புகை தெரியக் கூடாது. வெயில் இருக்கு, கணவாயில காத்து இருக்கு. அதுல காயவச்சுக்குங்க" என்றாள். கொசுவை விரட்ட யானைகள் போட்டுவந்த மூட்டத்தை முதல் ஆளாகத் தானே மிதித்து அணைத்தாள். சொன்னதைத் தான் முதலில் செய்கிற தலைவி எத்தனை காட்டுக்கு வாய்ப்பாள்! எல்லாருக்கும் சந்தோஷம். மூக்காயி மட்டும் தன் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, முகம் செத்துக் கிடக்கு?" என்றபடி நரி வீரணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு வாட்டிய மீன் வேண்டும், உடம்பு மட்டும் நோகக் கூடாது.

"அவங்கவங்களே காயவச்சுக்கிட்டா எனக்கு ஏது கூலி? அடுப்பை அணைச்சுட்டு என் பிள்ளைங்களுக்கு எதைக் குடுக்கிறது?"

"அணைக்க யாரு சொன்னா? இந்தக் காட்டுல தெரியக் கூடாதுன்னுதானே உத்தரவு. மலைக்கு அந்தப் பக்கம் போனா நமக்கென்ன?"

மூக்காயிக்கு அது வழியாகப் பட்டது. உள்ளே பொந்தாய்ப் போன மரங்களைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று செருகி, அடுப்பிலிருந்து மலையுச்சி வரை குழாய் போட்டாள். ஆடி மாதத்து மேல்காற்று புகையை அள்ளிக்கொண்டு கிழக்கே போனது. காட்டில் யார் கண்ணிலும் புகை படவில்லை.

கிழக்குச் சரிவிலிருந்து ஒரு நீர்நாய் மலையேறி வந்தாள்.

"அக்கா, என் குட்டி ஓயாம இருமுது. உங்க பக்கம் ஏதாச்சும் எரியுதா?"

"தெரியலையேம்மா" என்றாள் மூக்காயி. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசி பிறந்தது, காற்று திரும்பியது. கீழ்காற்று புகையை மலைக்கு இந்தப் பக்கமே தள்ளிக்கொண்டு வந்து காட்டின் மேல் கவிழ்த்தது. மூக்காயியின் சின்னக் குட்டி மூச்சு விட முடியாமல் அவள் மடியைப் பிடித்துக்கொண்டு இருமியது. அந்த நீர்நாயின் முகம் அவள் கண்ணில் நின்றது. யாரும் சொல்லாமல் தானே தண்ணீரை மொண்டு அடுப்பில் ஊற்றினாள். வீரணனைத் தேடினாள். ஆளையே காணோம். நேரே யானையிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"ஏன்டி, உன் கஷ்டத்தை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா, அணைன்னுதானே சொல்லுவீங்க? அப்புறம் சாப்பாட்டுக்கு?"

சின்னக்கண்ணு தும்பிக்கையை நீட்டி அவள் முதுகைத் தடவினாள்.

"அடுப்பை அணைக்கச் சொன்னேன். அதை நம்பி இருக்கிற உன்னை மறந்துட்டேன். பாதித் தப்பு என்னுது" என்றாள். அதைக் காட்டைக் கூட்டி எல்லார் முன்னாலும் சொன்னாள். உத்தரவோடு இன்னொன்றையும் சேர்த்தாள். கோடை வரும்வரை மூக்காயி குடும்பத்தின் சாப்பாடு எல்லார் பொறுப்பு என்றாள்.

கோடை வந்ததும் யானைகள் பெரும்பாறையின் முள்ளை எல்லாம் பிடுங்கிக் களமாக்கின. மீன் தொங்கவிடக் குரங்குகள் கணவாயில் கொடி கட்டின. பூ வெயிலில் காய்ந்தது, மீன் காற்றில் காய்ந்தது. இரண்டுக்கும் பொறுப்பு மூக்காயி. ஆளுக்கு ஒரு பிடி என்ற கூலி அப்படியே. கிழக்குச் சரிவில் இருந்தவர்களுக்கும் களத்தில் இடம் உண்டு என்று யானை சொல்லிவிட்டாள். வீரணன் மீனோடு வந்து வரிசையில் நின்றபோது, "முள்ளைப் பிடுங்கும்போது எங்கப்பா போயிருந்த?" என்று கேட்டுவிட்டு, மூக்காயி அவனுக்கும் இடம் கொடுத்தாள்.

அடுத்த பூக்காலத்தில் தேன்பாறையில் தேனீக்கள் வந்து கூடு கட்டின. முதல் தேனடையை மூக்காயி தன் நாக்கில் வைக்கவில்லை. இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு மலையேறி, அந்த நீர்நாயின் வாசலில் போய் நின்றாள்.

"அன்னைக்கு நீ கேட்டப்ப பொய் சொன்னேன்மா. எரிஞ்சது என் அடுப்புதான்."

நீர்நாய் தேன் பொதியை வாங்கிக்கொண்டாள். பிறகு உள்ளே திரும்பிக் குட்டியைக் கூப்பிட்டாள்.

"இருமல் நின்னுடுச்சுக்கா. வா, உட்காரு."

அடுப்பை அணைக்கச் சொல்கிற அரசு, அதை நம்பிப் பிழைப்பவருக்கும் வழி செய்து கொடுத்தால்தான் புகை உண்மையிலேயே போகும்.