கொத்தனாரின் படையல்

ஆற்றங்கரை மடத்தில் சமையலைக் கவனித்துக்கொண்டிருந்த மாசானத்துக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவருடைய குருவுக்கு அவரைவிட நாலைந்து வயது குறைவு. ஞானத்துக்கு வயது ஏது என்று ஊரில் சொல்வார்கள். ஆனாலும் மூத்தவரை 'நீ' என்று கூப்பிடக் குருவுக்கு வாய் வராது. 'நீர்' என்றுதான் கூப்பிடுவார்.

மாசானத்தின் அப்பா பேச்சிமுத்துக் கொத்தனார் காலமாகிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் பதினாறாம் நாள் காரியம். அதற்காகக் காலையில் ஊருக்குப் போன மாசானம், உச்சிவெயிலில் வியர்த்து வழிய மடத்துக்கே திரும்பி வந்து நின்றார்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்டீரு?"

"வீட்டுல சண்டை, ஐயா."

"சொத்தா?"

"சொத்து இருந்தாத்தானே. படையலு."

குரு மணையை அவர் பக்கம் தள்ளிப் போட்டார். மாசானம் உட்கார்ந்தார்.

பதினாறாம் நாள், இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். போனவர் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவார் என்று நம்பிக்கை. உயிரோடு இருந்தவரை ஒரு அப்பளம் பொரித்துப் போடாதவர்கள்கூட அன்றைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். இலையில் எடுத்து வைக்க வேண்டியவர் தலைமகனான மாசானம்.

"அப்பாவுக்கு எது பிடிக்கும்னு எங்களுக்குத் தெரியல, ஐயா" என்றார் மாசானம்.

சொன்னதும் அவருக்கே வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. 'உழைப்பால் உயர்ந்த உத்தமர்' என்று அச்சடித்திருந்தார்கள். பாவம், உழைப்பால் அவர் உயர்ந்தது மூங்கில் சாரத்தின் மேல் மட்டும்தான்.

"வீட்டுல என்ன சொல்லுதாங்க?"

"தங்கச்சி அதிரசம்னு சொல்லுதா. தம்பி புரோட்டாங்கான். வேலை முடிஞ்சு வரும்போது வாங்கிட்டு வருவாராம். 'எனக்கு இதுதாம்டா ரொம்பப் பிடிக்கும்'னு ஒரு விள்ளல் எடுத்துக்கிட்டு, பொட்டலத்தைக் கையில குடுத்துருவாராம்."

"தங்கச்சிக்கு எது பிடிக்கும்?"

"அதிரசம்."

"தம்பிக்கு?"

மாசானம் நிமிர்ந்து குருவைப் பார்த்தார்.

"புரோட்டாதான்" என்றார்.

"அம்மா என்ன சொல்லுதாங்க?"

"அம்மா கோவத்துல இருக்கா. 'பிராந்திக் குப்பியை வையுங்கலே, அந்த மனுசனுக்கு அதுதான் பிடிச்சது'ங்கா."

"குடிப்பாரா?"

"தள்ளாடி நாங்க பார்த்ததில்ல. ஆனா சனிக்கிழமை சாயந்தரம் மட்டும் கிராம்பை மென்னுக்கிட்டுதான் வீட்டுக்குள்ள நுழைவாரு. அம்மா விடுவாளா? வருசக்கணக்கா ஏச்சு. அவரு எதிர்த்து ஒரு வார்த்தை பேசுனதில்ல. பேசாமக் கால் கழுவப் போயிருவாரு."

"நீரும் நம்பினீரா?"

"நம்பினேன்."

குரு வேறு ஒன்று கேட்டார்.

"கடைசியா எங்க வேலை பார்த்தாரு?"

"கீழத்தெருப் பள்ளிக்கூடத்து மதிலு."

"அங்கயிருந்து உம்ம வீட்டுக்கு நடந்து போம். சைக்கிள் வேண்டாம். அவரு நின்ன இடத்துல நின்னு போம்."

"எங்க நின்னாருன்னு எனக்கு எப்படித் தெரியும், ஐயா?"

"உமக்குத் தெரியாது. அவரை நிறுத்தினவங்க உம்மையும் நிறுத்துவாங்க. போம்."

மாசானம் நடந்தார். நிறுத்தத்தான் செய்தார்கள். ஒரு வீட்டம்மா வாசலுக்கு ஓடிவந்து, தன் அடுப்படி மேடையைத் தன் உயரத்துக்கு அளந்து கட்டித் தந்தவர் கொத்தனார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருவர், ஒழுகுகிறது என்று சொல்லியனுப்பினால் தீபாவளி அன்றைக்குக்கூடச் சாந்துக்கரண்டியோடு வந்து நிற்பார் என்றார்.

"அவருக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மாசானம் எல்லாரிடமும் கேட்டார்.

"வேலைதான் பிடிக்கும்" என்றார்கள்.

மாசானத்துக்கு எரிச்சலாக வந்தது. சிமெண்டு அரித்துப் புண்ணான அப்பாவின் விரல்களை இவர்கள் பார்த்ததில்லையா? குழம்பு பட்டால் எரியும் என்று பாதி நாள் வெறும் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். மனுஷனுக்கு மோர்ச்சோறு பிடிக்கும்போல என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். மாசானமும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

பஸ் நிறுத்தத்துப் பக்கம் வந்தபோது சோடாக்கடை தாவீது கைதட்டிக் கூப்பிட்டார்.

"கொத்தனார் மூத்த மவன்தானே? நில்லும். நாளைக்குத்தானே பதினாறு? பன்னீர் சோடா எத்தனை குடுத்து விடணும்?"

"சோடாவா? எதுக்கு, அண்ணாச்சி?"

"எதுக்கா? இலையில வைக்க வேண்டாமா? அவருக்கு அதுன்னா உசுருல்லா!"

மாசானம் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என் அப்பாவுக்கா?"

"வேற யாருக்கு? சனிக்கிழமை சாயந்தரம் தவற மாட்டாரு. குப்பியை வாங்கிக்கிட்டுக் கடைக்குப் பின்னால போயிருவாரு. முன்னால நின்னா பிள்ளைங்க யாராவது பாத்துரும்னு பயம். கோலியைத் தன் கையாலதான் அமுக்குவாரு. நான் உடைச்சுக் குடுத்தா கோவம் வந்துரும். மெதுவா, ஒவ்வொரு மடக்கா குடிப்பாரு. அப்புறம் வாயைக் கொப்புளிச்சிட்டு ரெண்டு கிராம்பை வாயில போட்டுக்குவாரு."

"கிராம்பு எதுக்கு?"

"பன்னீர் வாசம் வீடு வரைக்கும் போகக் கூடாதாம். பிள்ளைகளுக்கு இல்லாம தான் மட்டும் குடிச்சிட்டு வந்துட்டான்னு ஆயிரும்பாரு."

மாசானம் தரையைப் பார்த்தார்.

"நானும் சொல்லிப் பார்த்தேன். 'வீட்டுல குடிகாரன்னு ஏசுதாங்களே, உள்ளதைச் சொல்லிர வேண்டியதுதானே'ன்னு. 'போ தாவீது, சாராயம் குடிக்கவனை ஊருல மன்னிச்சிரும். பிள்ளையை விட்டுட்டுக் கலர் குடிக்கவனை யாரு மன்னிப்பா'ன்னு சிரிச்சாரு. பிள்ளைங்க எல்லாம் வளந்து, கல்யாணம் காட்சி ஆகி, பேரன் பேத்தியும் எடுத்தாச்சு. அப்பவும் கடைக்குப் பின்னாலதான் போவாரு. பழகிப்போச்சு."

தாவீது ஒரு குப்பியை எடுத்து ஈரத்தைத் துடைத்தார்.

"நீரு ஒண்ணு குடிக்கீரா? வெயில்ல வந்திருக்கீரு."

"எனக்கு வேண்டாம். இலைக்கு மட்டும் குடுங்க."

மறுநாள் மத்தியானம் இலை போட்டார்கள். அதிரசம் வைத்தார்கள், புரோட்டா வைத்தார்கள். மாசானம் பன்னீர் சோடாவைக் கொண்டுவந்து இலையின் ஓரத்தில் வைத்தார்.

"இது யாருக்குலே?" என்று கேட்டாள் அம்மா.

மாசானம் சொன்னார். தாவீது சொன்னதில் எதையும் விடவில்லை, கிராம்பையும் விடவில்லை.

கதவைச் சாத்தப் போன தம்பியை அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். குப்பியை எடுத்துக் கோலியைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அமுங்கவில்லை. இரண்டு கையாலும் பலத்தையெல்லாம் கூட்டி அமுக்கினாள். சோடா பொங்கி அவள் கையில் வழிந்தது. வீடு முழுக்கப் பன்னீர் வாசம்.

"எம்புட்டு ஏசிருப்பேன்! ஒரு நாளு கிட்ட வந்து மோந்து பார்த்தனா? எம் மூக்கு எங்க போச்சு?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

அதற்கு மறுநாள் காலையில் மாசானம் மடத்துக்கு வந்தார். குரு அடுப்படியில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். மாசானம் எதிரே உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னார்.

குரு எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "சோடாக்கடைக்காரருக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றார்.

"கடைக்காரருல்லா, ஐயா. யாரு வந்தாலும் என்ன வேணும்னு கேப்பாரு."

"கேட்டதும் உங்க அப்பா சொல்லிட்டாரா?"

"முத நாளே சொல்லிட்டாராம்."

குரு இன்னொரு காயை எடுத்தார்.

"எனக்கு எது பிடிக்கும்?"

மாசானம் யோசிக்கவே இல்லை.

"எள்ளுத் துவையலு. ரசத்துல பூண்டு தட்டிப் போடக் கூடாது. தயிரு புளிச்சிருக்கக் கூடாது. கீரைன்னா முளைக்கீரை, அதுவும் கடையாம இருக்கணும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல, ஐயா. நானேதான் கேட்டேன். மடத்துக்கு வந்த அன்னைக்கே, உங்க முன்னால கையைக் கட்டி நின்னு..."

மாசானம் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பெற்ற தகப்பனோடு இருந்த அத்தனை வருஷமும் நினைவில் வந்து நின்றது.

"அப்பாகிட்ட ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே, ஐயா."

"கேட்டிருக்கலாம்" என்றார் குரு.

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று மாசானம் காத்திருந்தார். குரு காயைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருஷமாகத் தனக்குச் சோறாக்கிப் போட்ட மாசானத்தின் கைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

"நானும் கேட்டதில்ல, பாரும்" என்றார். "உமக்கு எது பிடிக்கும், மாசானம்?"