ஐம்பத்தெட்டை ஒப்புக்கொள்ளாத பெருச்சாளி

ஒரு காட்டில் என்றதும் நடுக்காடு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், குழந்தைகளே. காட்டின் கடைக்கோடியில், ஓடையை ஒட்டிய பள்ளத்தில், ஒரு பெருச்சாளி தன் மனைவியோடும் ஆறு குட்டிகளோடும் வளை தோண்டிக் குடியிருந்தது.

அதனிடம் ஏழு பழைய செப்புக் காசுகள் இருந்தன. இடிந்த மண்டபத்துக்கு அடியில், ஒரே பானையில் கிடைத்தவை. ஒரு பக்கம் காளை, மறுபக்கம் மீன், மேலெல்லாம் பச்சைக் களிம்பு.

"ஏங்க, போன மழைக்கே தண்ணி வளைக்குள்ள வந்துடுச்சு" என்றது மனைவி. "அப்ப ஒரு குட்டி. வாயில கவ்விக்கிட்டு ரெண்டு நாள் வேர்ல தொங்கினேன். இப்ப ஆறு குட்டி. எனக்கு வாய் ஒண்ணுதான். அந்தக் காசைக் கொடுத்து மேட்டுல ஒரு வளை பாருங்க."

"பாத்துடலாம். என் காசுக்கு மேட்டு வளை என்ன, குன்றே வரும்!" என்றது பெருச்சாளி.

சனிக்கிழமை காலையில் பாறைமேட்டில் ஏலம். ஏலம் போடுவது மைனா. முன்னால் யார் என்ன பேசினாலும், பின்வரிசைக்குக் கேட்கட்டும் என்று அதே குரலில் திருப்பிச் சொல்வது அதன் வழக்கம். முன்வரிசையில் முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. பழங்காசு என்றால் அதற்கு உயிர். குன்றின் மேல் இரண்டு வளைகளும் வைத்திருந்தது.

"ஏழும் இன்னைக்கு அடிச்ச மாதிரி இருக்கு. ஒரு கீறல் கிடையாது!" என்றது பெருச்சாளி.

"கீறல் எதுக்கு? காளைக்கு மூஞ்சியே இல்லையே. ஏழு கிழங்கு தரேன்" என்றது முள்ளம்பன்றி.

"ஏழு கிழங்கா! கண்ணு தெரியுமா உனக்கு?"

"தெரியுது. அதான் ஏழு. இல்லேன்னா எட்டு."

இத்தனையையும் இரண்டு குரலிலும் மாற்றி மாற்றிச் சொல்லி மைனாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"அட போங்கப்பா!" என்று சொந்தக் குரலில் கத்தியது. "விக்கிறவருக்கு அது தங்கம், வாங்குறவருக்கு அது தகரம். நான் எதை நம்பி ஏலம் போட? விக்காத, வாங்காத ஒருத்தர்கிட்ட காட்டிட்டு வாங்க. குளத்து ஆமையண்ணன்கிட்ட போங்க!"

ஆமை காசு வாங்காது, விற்காது, பார்க்கும். தாமரை இலையில் உருண்டு நிற்கும் பனித்துளிக்குக் கீழே காசை வைத்தால், மயிரிழைக் கீறலும் பெரிதாகத் தெரியும். பார்த்து முடித்து, எழுபதுக்கு இத்தனை என்று எண் கொடுக்கும். பிறகு காசைத் தெளிந்த மரப்பிசினுக்குள் வைத்து மூடி, அதன் மேல் முள்ளால் அந்த எண்ணைக் கீறிவிடும்.

"கூலி ரெண்டு அல்லித் தண்டு" என்றது ஆமை. "எண் கூடினாலும் ரெண்டுதான், குறைஞ்சாலும் ரெண்டுதான். வெள்ளிக்கிழமை வா."

வெள்ளிக்கிழமை ஏழு பிசின் வில்லைகள் தயாராக இருந்தன. ஒரே பானைக் காசுகள் அல்லவா, ஏழிலும் ஒரே எண்: ஐம்பத்தெட்டு.

"ஐம்பத்தெட்டா?" என்றது பெருச்சாளி. முகம் சுருங்கிவிட்டது.

"நல்ல எண்ணுப்பா. இந்தக் குளத்துக்கு இதைவிடப் பெரிசு வந்து ரொம்ப நாளாச்சு."

மறுநாள் ஏலத்தில் முள்ளம்பன்றி வில்லைகளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டது. "ஆமை போட்ட எண்ணா? அப்ப பேச்சே இல்ல. மேட்டு வளை ஒண்ணு தரேன்!"

"மேட்டு வளை ஒரு தரம்!" என்று கூவியது மைனா. கூட வந்திருந்த மனைவி இரண்டு குட்டிகளைத் தூக்கி முதுகில் ஏற்றிக்கொண்டது. "மேட்டு வளை ரெண்டு தரம்!" இன்னும் இரண்டு ஏறின.

"நிறுத்து!" என்றது பெருச்சாளி. "ஐம்பத்தெட்டுக்கே ஒரு வளைன்னா, எழுபதுக்கு ரெண்டு வளையும் வருமே! நான் இப்ப விக்கல."

மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான்கு குட்டிகளும் சறுக்கி விழுந்தன.

வீட்டுக்கு வந்ததும் பெருச்சாளி வில்லைகளைப் பல்லால் கடித்து உடைக்கத் தொடங்கியது. "பிசினை எடுத்துட்டுப் புதுசா கொடுக்கப் போறேன். அன்னைக்கு ஆமைக்குத் தூக்கக் கலக்கம். ஆமா, ஆறுதானே இருக்கு? ஏழாவது எங்கே?"

"தேடிப் பாருங்க" என்றது மனைவி, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல்.

ஆறையும் எடுத்துக்கொண்டு பெருச்சாளி குளத்துக்கு ஓடியது. அடுத்த வெள்ளிக்கிழமை எண் வந்தது: ஐம்பத்திரண்டு.

"ஒரு வாரத்துல ஆறு குறையுமா? என்ன அநியாயம் இது!"

"காளையோட முதுகுல புதுசா ஒரு கோடு இருக்கு" என்றது ஆமை. "உன் பல்லை என் பனித்துளிகிட்ட கொண்டா. அளவு சரியா இருக்கும்."

பெருச்சாளி கேட்கவில்லை. மறுபடி கடித்தது, மறுபடி கொடுத்தது. இந்த முறை நாற்பத்தைந்து.

"ஆமையண்ணே, உங்களுக்கு என் மேல ஏதோ கோபம்."

"எனக்குக் கோபமே வராதுப்பா" என்ற ஆமை, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு உள்ளிருந்தபடியே சொன்னது: "இப்ப வருது."

மேற்கே மேகம் கறுத்தது. "ஏங்க, நாற்பத்தஞ்சுக்காவது ஏதாவது தருவாங்க, வித்துடுங்க" என்று மனைவி கெஞ்சியது. ஆறு குட்டிகளும் சேர்ந்து கத்தின.

"பொறு. குறை எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன். எல்லாம் அந்தக் களிம்பால வந்த வினை!" என்ற பெருச்சாளி, புளியும் மணலும் போட்டு ஆறு காசுகளையும் இரண்டு நாள் தேய்த்தது. கண் கூசும்படி பளபளக்க வைத்து ஆமையிடம் கொண்டுபோனது.

ஆமை பனித்துளியைத் தேடவே இல்லை.

"புளியா?"

"கொஞ்சம்."

"மணல்?"

"மெல்லிசு மணல்தான்."

"அட பெருச்சாளி! பல நூறு வருஷக் களிம்பு அது. காசோட வயசுக்கு அதுதான் சாட்சி. சாட்சியைத் தேய்ச்சு ஓடையில விட்டுட்டு, வயசுக்கு எண் கேக்குறியே!"

ஆறு வில்லைகளிலும் ஆமை இப்படிக் கீறிக் கொடுத்தது: தேய்த்தது. எண் இல்லை.

சனிக்கிழமை ஏலத்தன்று மழை வந்துவிட்டது. ஓடை பொங்கி, பள்ளத்து வளையின் வாயில் தண்ணீர் குமிழியிட்டது. குட்டிகளையெல்லாம் ஒரு தேக்கிலையின் கீழ் வைத்துக்கொண்டு மனைவி பாறையோரம் நின்றது.

"தேய்...த்தது. எண்... இல்...லை" என்று மைனா ஆமையின் குரலிலேயே இழுத்துப் படித்தது. பின்வரிசை சிரித்தது.

முள்ளம்பன்றி வில்லைகளைப் புரட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. "அன்னைக்கு இதுக்கா வளையைக் கொடுக்க நின்னேன்? ஆறு கிழங்கு தரேன். பாவம், குட்டிங்களுக்காக."

அப்போது மனைவி முன்னால் வந்து, இத்தனை நாளும் வயிற்றுக்கு அடியில் மறைத்து வைத்திருந்த ஏழாவது வில்லையை எடுத்து வைத்தது. உடையாத பிசின். உள்ளே பச்சைக் களிம்பு மாறாத காளை. மேலே ஐம்பத்தெட்டு.

முள்ளம்பன்றியின் கண் விரிந்தது. "ஏழு இருந்தா வளையே உங்களுக்கு. இது ஒண்ணுதானே? மழை முடியுற வரைக்கும் என் வளைக்குள்ள, வாசல் பக்கம் ஒண்டிக்கோங்க."

பெருச்சாளி, "ஐம்பத்தெட்டுக்கு வெறும்..." என்று ஆரம்பித்தது.

"மைனாத் தம்பி!" என்று மனைவி கத்தியது. "இவர் முடிக்கிறதுக்குள்ள மூணு தரத்தையும் சொல்லு!"

"ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்!" என்றது மைனா ஒரே மூச்சில்.

பள்ளம் முழுகியது. குட்டிகள் ஆறும் நனையாமல் தூங்கின. முள்ளம்பன்றி பகலெல்லாம் தூங்கும், தூக்கத்தில் புரளும். புரளும்போதெல்லாம் பக்கத்தில் படுத்திருந்த பெருச்சாளியின் முதுகில் ஒரு முள் ஏறும்.

"ஆ!"

"ஐம்பத்தேழு" என்று எண்ணியது மனைவி.

"ஆ! ஐயோ!"

"ஐம்பத்தெட்டு. சரிதானா? இல்ல, ஆமையண்ணனைக் கூப்பிட்டு இன்னொரு தடவை எண்ணச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்" என்றது பெருச்சாளி. "ஐம்பத்தெட்டு சரிதான்."

நீதி: நடுவர் சொன்ன மதிப்பு பிடிக்கவில்லை என்று பொருளைச் சுரண்டிக்கொண்டே இருந்தால், கடைசியில் சொல்வதற்கு மதிப்பே இருக்காது.