சர்வர் விடாத ஃபைல்

"அழிச்சுட்டேன் மேடம். ஆனா இடம் வரல" என்றார் தணிகாசலம்.

"எதை அழிச்சீங்க?"

"லாகை. டிஸ்க் பூரா அதுதான் அடைச்சிருந்துச்சு."

சர்வர் தான் செய்வதையெல்லாம் தானே எழுதிவைக்கும் ஃபைல்தான் லாக். அது பெருத்துப் பெருத்து டிஸ்க்கை நிரப்பிவிட்டது. டயாலிசிஸ் நிலையத்தின் டேட்டாபேஸ் காலையிலிருந்து எதையும் பதிய மறுத்தது. யாருக்கு எந்த மெஷின் என்று சொல்லும் திரை அப்படியே நின்றுவிட்டது. ஹாலில் நோயாளிகள் கால் வீங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

தணிகாசலத்துக்குத் தலை நரைத்த பிறகுதான் டேட்டாபேஸ் கற்கும் யோகம் வாய்த்தது. கற்றுக்கொடுத்த மெஹருன்னிசாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அதற்காக அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

இன்று நிமிர்ந்து பார்க்கவே கூசியது. காரணம் வேறு.

"லாக் ஏன் இவ்வளவு பெருசாச்சு?"

"தெரியல மேடம்."

பச்சைப் பொய்.

"ரொட்டேஷன் போடச் சொன்னேனே. தினம் ஒரு புது ஃபைல் திறக்கணும், பழசு தானா போயிடணும்னு."

"போட்டுட்டேன்னுதான்..." என்று இழுத்தார்.

மெஹருன்னிசா மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

கதவுக்கு வெளியே ஜெபராணி அழுதுகொண்டிருந்தாள். இரவு டியூட்டி பார்ப்பவள். காலையில் மானேஜர் கத்தியபோது, "ராத்திரி யாராவது எதையாவது தொட்டிருக்கலாம் சார்" என்று ஒருவர் மெல்லச் சொன்னார். இரவு அங்கே இருந்தது அவள் மட்டும்தான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

அவள்மேல் அப்படி மெல்லப் பழியைத் தள்ளிவிட்ட மகராசன் தணிகாசலம்தான் இப்போது மெஹருன்னிசாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பாருங்க மேடம், ஃபைலே இல்ல. அப்புறம் ஏன் டிஸ்க் நிறைஞ்சே இருக்கு?"

மெஹருன்னிசா ஒரு வரி தட்டினார். அழித்த ஃபைலின் பெயர் திரையில் வந்தது.

"நீங்க அழிச்சது பேரை மட்டும்தான் சார். சர்வர் அதை இன்னும் திறந்தே வெச்சிருக்கு. அது விடற வரைக்கும் உள்ள இருக்கறது அப்படியே இருக்கும்."

"அப்போ... இப்பவும் படிக்கலாமா?"

"படிக்கலாமே."

இன்னொரு வரி தட்டினார். படிக்கும்படி வந்தது.

ஒன்றுவிடாமல் எழுது என்று சர்வருக்கு யார் உத்தரவு போட்டது என்பது முதலிலேயே இருந்தது. தணிகாசலம். ஏதோ ஒரு பழுதைத் தேடுவதற்காகப் போட்டவர், திரும்ப நிறுத்த மறந்துவிட்டார்.

அவருக்குக் காது மடல் சுட்டது. இடத்துக்காகவா அழித்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வெளியே விசும்பல் கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மெஹருன்னிசா எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"இதை விட்டுட்டுப் புது ஃபைல் திறன்னு சர்வருக்குச் சொல்லணும். உடனே இடம் வந்துடும். நீங்களே சொல்லுங்க சார்."

"சொன்னா இது?"

"போயிடும். அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது."

தணிகாசலம் உட்கார்ந்தார். மெஹருன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா ஆகும்?" என்று ஹாலில் யாரோ நர்ஸிடம் கேட்டார்கள்.

தணிகாசலம் தட்டினார்.

டிஸ்க்கில் இடம் வந்தது. ஹாலில் முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் எழுதச் சொன்ன உத்தரவை நீக்கினார். ரொட்டேஷனையும் போட்டார். சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்தும் பார்த்தார்.

பிறகு எழுந்தார்.

"வெளிய போயிட்டு வரேன் மேடம். ஜெபராணியைக் கூட்டிட்டு மானேஜர்கிட்ட போகணும்."

"லாக்தான் போயிடுச்சே சார். என்னத்தைக் காட்டிப் பேசுவீங்க?"

"நான் இருக்கேனே மேடம்."

கதவைத் திறந்தார்.

அவரைக் கண்டதும் ஜெபராணி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக எழுந்து நின்றாள்.