தனுஷ்கோடி கொடுத்த நோட்டீஸ்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தொன்பது. பிழைப்பு என்று வந்துவிட்டால் வயதை யார் பார்க்கிறார்கள்?

சீடர் தனுஷ்கோடி இருபத்திரண்டு வருஷம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டியவர். கடையை மூடிவிட்டார்கள். இப்போது வேலை ஒரு நர்ஸ் நிறுவனத்தில். இனி வைத்தியம் பலிக்காது என்று ஆனவர்களைக் கடைசி நாட்களில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள அவர்கள் நர்ஸ் அனுப்புவார்கள். தனுஷ்கோடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதமாகச் சொல்கிறார். ஒரு குடும்பம்கூட வரவில்லை. இந்த மாதக் கடைசிவரைதான் பார்ப்பேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஐம்பதை நெருங்குகிறவனை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்?

குரு ஹசீனா அதே வேலையை ஆறு வருஷமாகச் செய்கிறவர். அவரை டாக்டர்களே கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த ரகசியம்தான் தனுஷ்கோடிக்குப் பிடிபடவில்லை.

"மேடம், டாக்டரைப் பார்த்ததும் முதல்ல என்ன சொல்வீங்க?" என்று கேட்டார், திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது.

"வாங்கண்ணே" என்றார் ஹசீனா. அவ்வளவுதான் பதில்.

ஆண்கள் வார்டு வாசலில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் அசையவில்லை. டாக்டர் இரண்டு தடவை எதிரே போனார். ஹசீனா எழுந்து வணக்கம் வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். தனுஷ்கோடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆள் போயிட்டே இருக்கார் மேடம்."

"ரவுண்ட்ஸ் முடியலண்ணே."

"முடிஞ்சா?"

"யார் வீட்டுக்கு டாக்டர் குணமாகாதுங்கற விஷயத்தைச் சொல்லிட்டார், யாருக்கு இன்னும் சொல்லலைன்னு சிஸ்டர் வந்து சொல்வாங்க. அதுவரைக்கும் உக்காருங்க."

காதில் விழுந்தது. மனசில் ஏறவில்லை. ஹெட் சிஸ்டர் ஹசீனாவை உள்ளே கூப்பிட, தனுஷ்கோடி தனியாக மாட்டிக்கொண்டார். கடைக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாத மனிதர், சும்மா இருப்பாரா?

எதிர் பெஞ்சில் ஒரு அம்மாள் சாத்துக்குடி சாறு டம்ளரை மூடிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தனுஷ்கோடி கடைச் சிரிப்போடு பக்கத்தில் போனார்.

"உள்ள இருக்கறது யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர். பஸ் கண்டக்டர். ஈரல்ல வீக்கமாம். பத்து நாள்ல டூட்டிக்குப் போயிடுவார்."

"நல்லதும்மா. எதுக்கும் இதைப் படிச்சு வைங்க." நோட்டீஸை நீட்டினார். "வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க. நீங்க ஒரு கவலையும் பட வேண்டாம்."

அந்த அம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'குணமாக வாய்ப்பில்லாதவர்களுக்கு, கடைசி நாட்களில்...' அங்கேயே நின்றுவிட்டார்.

"இதை ஏன் என்கிட்ட குடுக்கறீங்க?"

தனுஷ்கோடி நோட்டீஸைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்; அந்த அம்மாள் விடவில்லை.

"டாக்டர் குடுக்கச் சொன்னாரா? சொல்லுங்கண்ணே. அவருக்குக் குணமாகாதா?"

தனுஷ்கோடி பேசாமல் நின்றதே பதிலாகிவிட்டது. டம்ளர் நழுவி, சாறு தரையில் ஓடியது. அந்த அலறல் கேட்டு வார்டிலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள்.

ஹெட் சிஸ்டர் நோட்டீஸைப் பிடுங்கிப் பார்த்தார். "நாளைக்கு இவங்க அண்ணன் வந்ததும் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொல்லலாம்னு டாக்டர் இருந்தார். அதுக்குள்ள நீ யாருய்யா? இனிமே உங்க ஆளுங்க ஒருத்தர்கூட இந்தப் படி ஏறக்கூடாது."

ஹசீனாவும் வெளியே வந்திருந்தார். தனுஷ்கோடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகை கொஞ்சம் அடங்கியதும் சொன்னார்:

"டாக்டரை இப்பவே வரச் சொல்லுங்க சிஸ்டர். பாதியைத் தெரிஞ்சுக்கிட்டு நாளை வரைக்கும் இவங்க எப்படி இருப்பாங்க?"

டாக்டர் வந்து அறைக்குள் கூட்டிப் போனார். அந்த அம்மாள் ஹசீனாவின் கையை விடாமல் இழுத்துக்கொண்டு போனார். கதவு சாத்தப்பட்டது.

தனுஷ்கோடி ஒரு துணியைத் தேடி எடுத்துத் தரையைத் துடைத்தார். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த நேரத்திலும் 'வேலை போச்சே' என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. தன்னை நினைத்தே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

ஹசீனா வெளியே வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் கேட் வரை நடந்தார்கள்.

"நாளையிலேர்ந்து நான் வரலை மேடம்."

"கண்டக்டரை நாளைக்குக் காலையில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நம்ம நர்ஸ் வேணும்னு கேட்டாங்க."

தனுஷ்கோடி பதறிப்போனார். "நான் பிடிச்ச குடும்பம்னு என் பேர்ல எழுதிடாதீங்க."

"எழுதலை. ஆனா நீங்க வரணும்."

"நானா? அந்தம்மா முன்னாடி போய் நின்னு நான் என்னத்தைச் சொல்ல?"

"மூணாவது மாடி வீடு. லிப்ட் கிடையாது. அவரை நாற்காலியில வச்சுத் தூக்கறப்ப உங்களுக்குப் பேச மூச்சு இருக்காதுண்ணே."