காசி வரைக்கும் தாங்குகிற சீட்டு

குமரவடிவேலுக்கு எல்லாம் அமைந்துவிட்டது, உட்கார ஓர் இடம் தவிர.

கோயம்புத்தூர் கணபதியில் பம்பு பட்டறை வைத்திருந்தார். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. பட்டறையை மருமகன் பார்த்துக்கொண்டான். ஐம்பத்தெட்டு வயதில் ஆசைப்பட்டு வாங்கின பெரிய டூரிங் வண்டி வாசலில் நின்றது. இரண்டு பக்கமும் பெட்டி வைத்து, குட்டி யானை மாதிரி இருக்கும். வருகிற மாசியில் மனைவி மரகதமணியை அதில் வைத்துக் காசிக்குக் கூட்டிப் போவதாகத் திட்டம். கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்கு அது.

இரண்டு தொல்லைகள் வந்து சேர்ந்தன. ஒன்று, வண்டியில் ஏறி அவிநாசி தாண்டினால் போதும், அவருக்கு இடுப்புக்குக் கீழே தீப்பிடித்துக்கொண்டது. இன்னொன்று, மரகதமணி.

"நீங்க போயிட்டு வாங். நா வரலீங்" என்று சொல்லிவிட்டாள். கேட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டுக்கும் ஒரே காரணம்தான் என்று குமரவடிவேல் முடிவு கட்டினார். சீட்டு. உக்கடத்தில் ஒரு கடையில் அளவெடுத்துத் தைத்த சீட்டு அது. கோணலாகப் போய்விட்டது, அவளுக்கும் அது ஒத்துக்கொள்ளவில்லை, பாவம். அதன் மேல் ஜெல் மெத்தை போட்டார். காற்றடைத்த மெத்தை போட்டார். டாக்ஸி டிரைவர்கள் விரிக்கிற மரமணி விரிப்பையும் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கொன்றது. மரகதமணி மட்டும் அசையவே இல்லை.

மாங்கரை பக்கம் ஒரு சின்ன ஆசிரமம் இருந்தது. குஞ்சரியம்மா என்று ஒருவர் அங்கே ஆட்களுக்கு உட்காரப் பழக்கிக்கொண்டிருந்தார். மந்திரம் கிடையாது, மூச்சுக் கணக்கு கிடையாது. சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான் பாடம். குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. குமரவடிவேல் அவரை 'அம்மா' என்பார். அவர் குமரவடிவேலை 'அண்ணா' என்பார். இருவருக்கும் அதில் சிரமம் ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் போன பிறகும் குமரவடிவேல் எழவில்லை. குஞ்சரியம்மா முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு கீரை ஆய ஆரம்பித்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுமுங்."

"கேளுங்கண்ணா."

"நீங்க மணிக்கணக்கா வெறுந்தரையில உக்காந்திருக்கறீங்க. எனக்கு மெத்தைக்கு மேல மெத்தை போட்டாலும் எரியுதுங். வலிக்காத சீட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

குஞ்சரியம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"கடவுள் இருக்காரான்னு கேட்டு எத்தனையோ பேர் வந்திருக்காங்க. சீட்டு இருக்குதான்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"சிரிக்காதீங்மா. சீட்டு சரியில்லாம ஊட்டுக்காரியே காசிக்கு வர மாட்டேங்கறா. அவளில்லாம நான் மட்டும் போயி அங்க என்னத்தப் பண்றதுங்?"

அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. குஞ்சரியம்மா சிரிப்பை நிறுத்தினார்.

"எப்ப இருந்து வலிக்குது?"

"உக்கடத்துல தெச்சதுல இருந்துதானுங்."

"அதுக்கு முன்னாடி?"

"கம்பெனி சீட்டுங். வெறும் பலகையாட்ட இருக்கும். அதுலதான் ஹம்பி போனோம், தனுஷ்கோடி போனோம், கோகர்ணம் போனோம். ஒரு வலி தெரியாதுங்."

"போனோம்னா?"

"நானும் மரகதமும்."

"வழியில நிறுத்துவீங்களா?"

"அதை ஏங் கேக்கறீங்க!" குமரவடிவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெரிய ரோதனைங் அவளோட. கொஞ்ச தூரம் போனாத் தோளைத் தட்டுவா. ஏனுங், அங்க இளநி விக்கறாங்க. ஏனுங், அந்தக் கோபுரத்தைப் பாத்துட்டுப் போலாமுங். ஏனுங், ஒரு டீ குடிக்கலாமுங். கூட வர்ற பைக் கிளப்புப் பசங்க ஊரு போயிச் சேந்து குளிச்சுத் தூங்கி எந்திரிச்சிருப்பானுக. நாங்க அப்பத்தான் போயி நிப்போம்."

"இப்ப?"

"இப்பத்தான் ஒத்தையில போறனே. எறங்கறதே இல்லீங். பெட்ரோலுக்கு நிறுத்துனாத்தான் உண்டு. ஒரே மூச்சுல கிருஷ்ணகிரி."

அதில் அவருக்குப் பெருமை வேறு இருந்தது. குஞ்சரியம்மா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"அந்தக் கடைக்காரர் அளவு தப்பா எடுத்துட்டாரா?"

"சேச்சே. அளவெல்லாம் நெம்ப கரெக்டுங். உக்காரச் சொன்னான், குனியச் சொன்னான், ரெண்டு காலையும் ஊனச் சொன்னான். ஒசரம் கேட்டான், எடை கேட்டான். சிங்கிள்ஸ் போவீங்களா, டபுள்ஸ் போவீங்களான்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

குமரவடிவேல் குஷியாகிவிட்டார். இந்த இடத்தை அவர் கிளப்பில் எத்தனையோ தடவை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்.

"அங்கதானுங் சூட்சுமம். டபுள்ஸ்னு சொன்னா முன்னாடி சீட்டைச் சுருக்கிப் போடுவானுக. பசங்க மொதல்லயே சொல்லி வுட்டுட்டாங்க. அதனால, 'சிங்கிள்ஸ்தான் தம்பி, எனக்குப் பாத்துத் தாராளமாப் போடு, பின்னாடி வெறும் லக்கேஜ்தான்'னு அடிச்சு வுட்டன்."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"அக்கா அப்ப எங்க இருந்தாங்க?"

"அவளும் வந்திருந்தாளுங். நல்ல வெயில். கரும்புச்சாறு வாங்கியாறன்னு எதுத்தாப்புல போனா. ரெண்டு டம்ளரைப் புடிச்சுட்டு என்ற பக்கத்துலதான் வந்து..."

குமரவடிவேல் அதோடு நிறுத்திக்கொண்டார். அந்தக் கதையை எத்தனை முறை சொன்னபோதும் அதில் கரும்புச்சாறு வந்ததில்லை. இன்றைக்கு வந்துவிட்டது. அவள் ஒரு டம்ளரை நீட்டியதும், தன்னுடையதைக் குடிக்காமல் கடைக்காரப் பையனிடம் கொடுத்துவிட்டதும்கூட இப்போது சேர்ந்து வந்தன. அவளுக்கு வேண்டாம் போல என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

கீரை முழுக்க ஆய்ந்து முடிந்தது.

"வண்டிச் சாவியக் குடுங்கண்ணா."

கொடுத்தார். குஞ்சரியம்மா வெளியே போய், சாவியைத் திருகிச் சீட்டைத் தூக்கினார். நல்ல கனம். இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து கூடத்து மூலையில் போட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை வந்து வாங்கிக்குங்க."

"ஐயோ, சீட்டு இல்லாம எப்படிங்மா ஊட்டுக்குப் போறது?"

"போன் இருக்குதல்ல? அக்காவைக் கூப்புடுங்க."

மரகதமணி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"ஏனுங், பஞ்சருங்களா?"

"இல்ல. சீட்டைக் குரு எடுத்து வச்சுக்கிட்டாங்க."

சீட்டுப் போன இடத்தில் பேட்டரியும் ஒயர்களும் பல்லை இளித்துக்கொண்டிருந்தன. மரகதமணி அதையும் பார்த்தாள், புருசனையும் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"தா, நா ஓட்டறன்" என்று குமரவடிவேல் கைப்பிடியை எட்டினார்.

"இது என்ற வண்டிங். பின்னாடி உக்காருங்" என்றாள்.

முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதிரில் என்ன வருகிறதென்று தெரியவில்லை, அவளுடைய ஹெல்மெட்தான் தெரிந்தது. வேகத்தடை ஒவ்வொன்றும் சொல்லாமல் வந்து தூக்கிப் போட்டது. ஓட்டுகிறவளுக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, நமக்கு விழுந்த பிறகுதான் தெரிகிறது என்று நினைத்தார். தடாகம் வருவதற்குள் வலது கால் மரத்துப் போயிற்று. நிறுத்தச் சொல்லலாம்தான். வாய் வரவில்லை. ஆம்பளை கேட்டு இறங்குவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கணுவாயில் ஒரு பேக்கரி முன்னால் அவளாகவே வண்டியை ஓரங்கட்டினாள்.

"எறங்குங். கால் மரத்திருக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அங்க உக்காந்தே வந்தவளுக்குத் தெரியாதுங்களா?"

நொண்டிக்கொண்டே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு டீ வந்தது. தேங்காய் பன் ஒன்றை அவள் பாதியாகப் பிய்த்துப் பெரிய பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

"மரகதம்."

"சொல்லுங்."

"அன்னைக்கு உக்கடத்துல..."

"டீ ஆறுதுங்."

"நா அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எப்புடி?"

அவள் விடுவதாக இல்லை. அந்த வார்த்தை அன்றைக்கு எவ்வளவு சுலபமாக வந்தது! இன்றைக்குப் பன்னைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்ல முடிந்தது.

"லக்கேஜ்னு."

மரகதமணி டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"லக்கேஜு பேசாதுங்களே. கட்டி வச்சா கம்முனு வரும். நானும் கம்முனுதான் இருந்தன். அது கூட உங்குளுக்குத் தெரியல." கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. "மெத்தை மெத்தையா வாங்கியாந்து போட்டீங். சீட்டு சீட்டுன்னு கடை கடையா ஏறி எறங்குனீங். ஏம் புள்ள வர மாட்டேங்கறன்னு ஒரு நாளாவது எம் பக்கத்துல வந்து உக்காந்து கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். குமரவடிவேலுக்கு அந்த பேக்கரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது. நாலு பேர் பார்ப்பார்கள் என்று அடக்கிக்கொண்டார்.

"தப்புதான் மரகதம். பெரிய தப்பு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"காசிக்கு வருவியா?"

"வண்டிய எடுக்கோணும். ஏறுங்" என்றாள்.

அந்த வாரம் வீட்டில் பேச்சு வந்தது. சாப்பாடு வைக்கும்போது இரண்டு வார்த்தை, டிவி முன்னால் நாலு வார்த்தை. ஒரு நாள் மகளோடு போனில் பேசிச் சிரித்தவள், அதே சிரிப்போடு இவரிடமும் ஏதோ சொன்னாள். காசிப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. இவருக்கும் மறுபடி கேட்க பயமாக இருந்தது. மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

அதனால் அவர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். பட்டறைக்காரர் மூளை சும்மா இருக்குமா? ராத்திரியெல்லாம் போனில் பின் சீட்டுகளாகப் பார்த்துத் தள்ளினார். சாய்ந்துகொள்ள முதுகுப்பலகை வைத்தது, கைப்பிடி வைத்தது, சோபா மாதிரிப் பொதிந்தது, குளிருக்குச் சூடேறுகிறது. பார்க்கப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, குழப்பமாகவும் இருந்தது. குருவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆர்டர் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக ஸ்கூட்டரில் வந்தார்கள். அவள்தான் ஓட்டினாள். வழியில் வழக்கம்போல ஓர் இடத்தில் நிறுத்தினாள், ஒரு டீ குடித்தார்கள்.

ஆசிரமத்து வாசலில் புங்கமரத்து நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு, "நீங்க போயி வாங்கியாங். நா இங்கயே நிக்கறன்" என்றாள்.

குமரவடிவேல் உள்ளே போனார். சீட்டு போட்ட மூலையிலேயே கிடந்தது. ஆசிரமத்துப் பூனை அதில் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அதுக்கு ஒத்துப்போச்சு போல" என்றார் குஞ்சரியம்மா. "உங்க வலி எப்படி இருக்குதுங்கண்ணா?"

"அதை நெனைக்கவே நேரமில்லீங்மா." அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நீங்க சொல்ல வந்தது புரிஞ்சுதுங். நல்லாவே புரிஞ்சுது. அவ மனசை நான் நோகடிச்சுட்டன்."

"சரி."

"அதனால அவளுக்குன்னே ஒரு சீட்டுப் போட்டுரலாம்னு இருக்கறனுங். சாஞ்சுக்கற மாதிரி இருக்குது, கை வச்சுக்கற மாதிரி இருக்குது. எந்தப் பக்கத்தை அறுத்து என்னோடத சின்னதாக்குனாலும் செரி, எனக்குக் கவலையில்லீங். ஆனா எதைப் போடறதுன்னுதான் தெரியல." போனை எடுத்து நீட்டினார். "எந்த மாதிரி போட்டா அவ எங்கூடக் காசிக்கு வருவாளுங்? நீங்க ஒண்ணைக் காட்டுங்க, இன்னைக்கே சொல்லிப்போடறன்."

குஞ்சரியம்மா போனைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக வெளியே பார்த்தார். புங்கமரத்தடியில் மரகதமணி காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா அங்கதான் நிக்கறாங்க" என்றார் குஞ்சரியம்மா. "நீங்க இப்பவும் எங்கிட்டத்தான் கேக்கறீங்க."