நீரோட்டத்தில் நின்ற வண்ணாத்தி மீன்

இன்னாசியம்மாளுக்கு வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. அவளுக்குக் கடலில் மூழ்கக் கற்றுக்கொடுத்த ரெஜினாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. புருஷன் இறந்த பிறகு கடல்பாசி எடுக்கும் பெண்களோடு சேர்ந்தவள் இன்னாசி. ரெஜினாவை அவள் விளையாட்டாக "வாத்திச்சி" என்று கூப்பிடப்போய், அதுவே நிலைத்துவிட்டது.

அன்று பாசி எடுக்கும் தீவை வள்ளம் நெருங்கியபோது இன்னாசி பேச்சை எடுத்தாள்.

"வாத்திச்சி, சாயங்காலம் ஊர்க்கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்காக."

"பிரின்சி விசயமா?"

இன்னாசி தலையாட்டினாள். மகள் பிரின்சி கன்றிப்போன முகத்தோடு புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லத்தான் கூட்டம்.

"பேசாம புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் ஊருக்குப் போயிரவா? இல்ல, கூட்டத்துக்குப் போகவா? நீ சொல்லு."

"குதிங்க மதினி," என்றாள் ரெஜினா.

பாறைகளுக்கு நடுவே நீரோட்டம் வெறிபிடித்து ஓடிக்கொண்டிருந்தது. இன்னாசி அதற்கு விலாவைக் காட்டி நீந்தினாள். அது அவளைச் சருகாக அள்ளிப்போய்ப் பாறையில் உரசியது. மேலே வந்து மூச்சு வாங்கினாள். மறுபடி மூழ்கினாள். மறுபடி அள்ளியது.

அடுத்த தடவை ரெஜினாவும் கூடவே மூழ்கி, அவள் தோளைத் தொட்டுக் கைகாட்டினாள்.

அங்கே ஒரு வண்ணாத்தி மீன். தட்டு மாதிரி வட்டம். மஞ்சள் உடம்பு, கண்மேல் கறுப்புக் கோடு. அது ஒரு கணம் பக்கவாட்டில் திரும்பியது. நீர் அதைத் தள்ளியது. சட்டென்று ஓட்டம் வரும் திசைக்கே முகத்தைக் கொடுத்தது. அவ்வளவு பெரிய தட்டு வெறும் கோடாகிவிட்டது. நீர் இரண்டு பக்கமும் வழிந்து போக, மீன் தன்பாட்டுக்கு நின்ற இடத்தில் நின்று பாறையைக் கொத்தித் தின்றது.

இன்னாசி தலையை ஓட்டத்துக்கு நேரே கொடுத்தாள். உடம்பு நின்றது. பாசி கைக்கு எட்டியது.

வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவளிடம் ரெஜினா கேட்டாள்.

"கூட்டத்துல பெரிய ஆளுக எங்க உக்காருவாக?"

"வேப்பமரத்தடியில."

"நீங்க?"

"பொம்பளையாளுகளோட, பின்னால ஓரத்துல."

ரெஜினா மறுபடி மூழ்கினாள்.

சாயங்காலம் இன்னாசி ஓரத்தில் உட்காரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஊர்த்தலைவர் சவரிமுத்துவுக்கு நேர் எதிரே நின்றாள்.

"வாழப்போன பொண்ணு திரும்பி வந்தா ஊருக்குத்தான கேவலம்?" என்றார் அவர்.

"தகப்பன் இல்லாத புள்ள, கண்டிக்க ஆளில்ல," என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். இன்னாசி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தலைவரே, அவ மூஞ்சியப் பாத்தீகளா?"

"குடும்பம்னா அப்படி இப்படித்தான்..."

"பாத்தீகளான்னு கேட்டேன்."

சவரிமுத்துவின் பார்வை தரைக்குப் போனது.

"அவ என் வீட்டுலதான் இருப்பா. நான் மூழ்குற வரைக்கும் எங்களுக்குச் சோறு உண்டு. அதுக்கப்புறம் அவ மூழ்குவா."

சவரிமுத்து தோள்துண்டைச் சரிசெய்தார். "சரி, பெத்தவ சொல்லிட்டா. அடுத்த விசயத்துக்கு வாங்க," என்றார்.

மறுநாள் காலை வள்ளத்தில் பிரின்சியும் இருந்தாள். இரவல் வாங்கிய நீச்சல் கண்ணாடியை முகத்தில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னாசி ரெஜினாவிடம் நகர்ந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஊரே என்னையத் தைரியசாலிங்குது வாத்திச்சி. ஒனக்கு மட்டும் சொல்றேன். நேத்து என் காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடிச்சு."

"அந்தக் காலாலதான மதினி முன்னால நடந்து போனீக?"